புதுப்பிப்பு: பெரியப்பாவைத் திருத்தும் பழக்கம்

குன்னூரில் எங்களுடன் வசிக்கும் பெரியப்பா சொல்லும் ஒவ்வொன்றையும் திருத்தாமல் இருக்க முடியவில்லை என்றும், அதனால் இரவு உணவு வேளையே சண்டையாகிவிடுகிறது என்றும் முன்பு எழுதியிருந்தேன். மறுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்குமாறு பலர் கூறிய யோசனையைக் கடைப்பிடித்துப் பார்த்தேன்.

மலை ரயில் 1908-இல்தான் வந்தது என்று அவர் அடித்துச் சொன்னபோது, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது என்ற பதிலை அடக்கிக்கொண்டு, அந்த ஆண்டை யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று மட்டும் வினவினேன். பாதை உதகையை எட்டிய ஆண்டையே தம் தாத்தா கணக்காக வைத்திருந்தார் என்றும், அதுவரை உருளைக்கிழங்கு மூட்டைகளை மாட்டு வண்டியில் இறக்கிய பாடு எத்தகையது என்றும், நான் அதுவரை கேட்டிராத குடும்பக் கதையை விரிவாகச் சொன்னார். 1899-ஐ இன்னும் அவரிடம் சொல்லவில்லை. (உறுத்தத்தான் செய்கிறது.)

கேள்விகள் அடுக்கடுக்காக வந்தால், "என்னப்பா, வக்கீல் மாதிரி குடையறே?" என்று அவர் உடனே கண்டுகொள்கிறார்.

எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கச் சொன்னவர்களின் கருத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. 2009 நவம்பரில் மண்சரிவுகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிருக்க, அடைமழை இரவில் பர்லியாறு மலைச்சாலை வழியாக இறங்கக் கிளம்பியவரிடம் வண்டிச் சாவியைத் தர மறுத்தேன். அவர் கோபித்துக்கொண்டு, விடிந்ததும் பேருந்தில் சென்றார்.

அரசியல் பேச்சு இன்னும் கட்டுக்குள் வரவில்லை. அதற்கு யோசனை இருந்தால் கூறுங்கள்.