ஒட்டடைக் கம்பு பட்டதும் சுழன்ற சிலந்தி: உங்களுக்கும் நேர்ந்ததா?

கானாடுகாத்தான் பேரன்:
முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகப் பூர்வீக வீட்டைத் திறந்து ஒட்டடை அடித்தோம். வீட்டின் இரண்டாவது பகுதியான இரண்டாங்கட்டில், தேக்கு உத்தரத்து மூலையில் அந்த நூல்கால் சிலந்தி. கம்பு வலையில் பட்டதும் தலைகீழாகத் தொங்கியபடியே சுழலத் தொடங்கியது. டார்ச் வெளிச்சத்தில் புகைபோலத்தான் தெரிந்தது, உடம்பே இல்லை. சற்றுப் பொறுத்து நின்றபோது வாயில் ஓர் உருண்டை. முட்டைகள்! அத்தனை ஆட்டத்திலும் ஒன்றைக்கூட விடவில்லை. எனக்குக் கை வரவில்லை. அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டேன்; ஆத்தா இன்னும் திட்டுகிறார். இது ஃபோல்கஸ் ஃபலஞ்சியாய்டிஸ் என்ற நூல்கால் சிலந்தி இனம்தானே?

காரைக்குடி நிழல்:
இல்லை. 1775-ல் அறிவியல் பெயர் சூட்டப்பட்ட அந்த ஃபோல்கஸுக்கு வயிறு நீண்ட உருளையாக, வழவழப்பாக இருக்கும். பக்கவாட்டில் நின்று பாருங்கள்: வயிற்றின் பின்முனை மேல்நோக்கிக் கூம்பாக எழும்பியிருந்தால் அது குரோசோப்ரிசா லயோனி என்ற வேறொரு நூல்கால் இனம். 1867-ல் பிளாக்வால் என்ற சிலந்தி ஆய்வாளர் விவரித்தது. நம் வீடுகளில் மிகச் சாதாரணம். கால்களில் பழுப்புப் புள்ளிகளும் உண்டு. எங்கள் வீட்டுக் கூடமான பெட்டகசாலையில் ஒன்று, தன்னைவிடப் பருமனான வேறொரு சிலந்தியைப் பின்னங்கால்களால் நூல் வீசி வீசிக் கட்டியதைக் கண்டேன். நெருங்கவே இல்லை, எட்ட நின்றே பொட்டலம் போட்டது. அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

தேவகோட்டை ஆச்சி மகன்:
டார்ச் வெளிச்சத்தில் காலில் புள்ளி எப்படித் தெரியும், நிழல் அண்ணே? நீங்கள் எதற்கும் புத்தகத்தைத்தான் எடுக்கிறீர்கள். அவர் கேட்டது ஒன்று, நீங்கள் போனது எங்கோ. வயிறு உருண்டையாக, பெரிதாக இருந்தால் ஆர்டெமா அட்லாண்டா என்ற இன்னொரு நூல்கால் இனமாகவும் இருக்கலாமே. என் கதை சின்னது: குளியலறையில் என் தோளில் ஒன்று விழுந்தது, கத்தினேன், அது ஓடிவிட்டது. விஷம் என்று பெரியப்பா பயமுறுத்தினார். மனிதருக்கு இதனால் ஆபத்து என்பதற்குச் சான்றே இல்லை.

ஆனால் கேட்காமலே சொல்கிறேன், பூச்சி மருந்து அடிக்காதீர்கள். மூடிய வீட்டில் அந்த நெடி போகவே போகாது. இந்தச் சிலந்திகள் கொசுவைப் பிடிக்கும். நீரூற்றிக் கழுவவும் வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சில் ஈரம் இறங்கினால் உப்புப் பூத்துப் பொரிந்துவிடும். நீளக் கம்பில் பழைய துணி சுற்றி வலையை மட்டும் சுருட்டுங்கள், அதையும் முட்டை பொரிந்த பிறகு. எங்கள் கூட்டுக் குடும்ப வளவில் யாரும் கேட்பதில்லை, அதுதான் இங்கே எழுதுகிறேன்.

கானாடுகாத்தான் பேரன்:
பக்கவாட்டில் பார்த்தேன். கூம்பு இருக்கிறது. நிழல் அண்ணன் சொன்னது சரி. நாளை வீட்டைப் பூட்டுகிறோம். ஆத்தா கம்பைக் கேட்டார், காரின் டிக்கியில் வைத்துவிட்டேன் என்றேன்.