மிளாவைப் படம்பிடிக்க வைத்த கேமராவில் வாழையிலைதான் விழுகிறது, உதவுங்கள்

ஏத்தன்வாழை:
கன்னியாகுமரி மாவட்டம் கீரிப்பாறை பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு வாழை விளை இருக்கிறது. பட்டா நிலம்தான். கீழே சின்ன ஓடை. ராத்திரியில் மிளா (கடமான்) இறங்குகிறது. காலையில் குளம்புத் தடமும் புழுக்கையும் கிடக்கும். சேதம் பெரிதாக இல்லை, விரட்டும் எண்ணமும் இல்லை. அது நடந்து வருவதை ஒரு தடவை வீடியோவில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எட்டு பேட்டரி போடும் ட்ரெயில் கேமரா (மிருகம் நடமாடினால் தானாகவே படமெடுப்பது) ஒன்று வாங்கி, ஓடைக்கு எதிரே தென்னையில் ஆறடி உயரத்தில் கட்டினேன். ஐந்து நாளில் 412 வீடியோ! பகலில் எடுத்தது எல்லாம் வாழையிலை ஆட்டம். இரவில் மொத்தம் ஒன்பது. ஏழில் ஒன்றுமே இல்லை. ஒன்றில் ஏதோ ஒரு பின்பக்கம் போகிறது. இன்னொன்று முழுக்க வெள்ளை. நான்காம் நாள் இரவு தானாக அணைந்துவிட்டது, ஆனால் காலையில் ஆன் செய்தால் ஓடுகிறது. கேமரா மட்டமா? விலை கூடியது எடுக்கட்டுமா?

மலையோரம்:
கேமராவை மாற்றாதீர்கள் மக்கா, கட்டிய இடத்தை மாற்றுங்கள்.

அதிலுள்ள சென்சார் வெறும் அசைவைப் பார்ப்பதில்லை. பின்னால் இருப்பதைவிடச் சூடு வேறுபட்ட ஏதாவது நகர்ந்தால் உசுப்பும். வெயிலில் காய்ந்த வாழையிலை காற்றில் ஆடினால் அதற்கு அதுவும் ஒரு மிருகம்தான். செட்டிங்கில் டைமர் இருக்கும். மாலை 6 முதல் காலை 6 வரை மட்டும் ஓட விடுங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

பின்பக்கம் மட்டும் விழுவதற்குக் காரணம், நீங்கள் தடத்துக்குக் குறுக்கே கட்டியிருக்கிறீர்கள். மிளா ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போவதற்குள் கேமரா விழித்து வீடியோ தொடங்க நேரம் போதாது. அந்த ஏழு வெறும் வீடியோவும் அனேகமாக அதே கதைதான். தடத்துக்குச் சாய்வாக, அது வரும் திசையைப் பார்த்தபடி வையுங்கள். தூரம் 15 அடி போதும். உயரம் ஆறடி அதிகம், மூன்றடிக்கு இறக்குங்கள். சரிவான இடமென்றால் கேமராவையும் சரிவுக்கு ஏற்பச் சாய்க்க வேண்டும். அடியில் ஒரு குச்சியைச் செருகினால் போதும். சூரியன் நேராக விழாதபடி வடக்கு அல்லது தெற்கு பார்க்கட்டும்.

வெள்ளை வீடியோவுக்குக் காரணம் லென்சுக்குப் பக்கத்தில் தொங்கும் இலையோ புல்லோ. இருட்டில் எடுக்க கேமரா வீசும் ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புகிறது. முன்னால் ஐந்தாறு அடிக்குச் செத்திவிடுங்கள்.

பால்வெட்டு:
பேட்டரி விஷயத்தை நான் சொல்கிறேன். ரீசார்ஜ் பேட்டரி போட்டீர்களா? அது ஒன்றுக்கு 1.2 வோல்ட், சாதாரண பேட்டரி 1.5. எட்டு சேர்ந்தால் 12க்குப் பதில் 9.6தான். பகலில் சமாளித்துவிடும். இரவில் ஐஆர் விளக்குகள் எரியும்போது கரண்ட் அதிகம் இழுக்கும், உடனே அணைந்துவிடும். லித்தியம் பேட்டரி விலை கூடுதல்தான், ஆனால் கிட்டத்தட்ட கடைசிவரை வோல்ட் அதிகம் இறங்காது. வீடியோவை 15 விநாடியாகக் குறையுங்கள். எஸ்டி கார்டை கம்ப்யூட்டரில் அல்ல, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

இன்னொன்று. விடியுமுன் தலையில் லைட்டோடு நாங்கள் ரப்பர் பால் வெட்டப் போவோம். அந்த ரப்பர் பக்கம் திருப்பினால் மிளாவைவிட ஆட்கள்தான் அதிகம் விழுவார்கள். கேமரா இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒருவருக்கும் மனவருத்தம் வேண்டாம்.

காளிகேசம்காரன்:
ஆசையில் வேலி தாண்டிக் கட்டிவிடாதீர்கள் அண்ணாச்சி. மேலே வனத்துறைக் காடு. 1972 வன உயிரினச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழையவே அனுமதி வேண்டும். ‘கேமராதான் கட்டினேன்’ என்பதெல்லாம் அங்கே எடுபடாது. உங்கள் விளைக்குள்ளும் உப்போ தீனியோ வைத்து வரவழைக்க வேண்டாம். பின்னாலேயே பன்றிக் கூட்டம் வந்துவிடும், அப்புறம் வாழை ஒன்றும் மிஞ்சாது.

ஏத்தன்வாழை:
ரீசார்ஜ் பேட்டரிதான் போட்டிருந்தேன்! லித்தியம் மாற்றி, ஓடைக்கரை அயனி மரத்தில் மூன்றடியில் சாய்வாகக் கட்டினேன். நான்கு இரவில் 11 வீடியோ. இரண்டில் முள்ளம்பன்றி, ஒன்றில் பக்கத்து வீட்டு நாய். மூன்றாம் இரவு 2.40க்கு மிளா! பெட்டை, கூடவே குட்டி. தாய் அப்படியே நின்று கேமராவை நேராக முறைத்தது, முன்னங்காலால் தரையைத் தட்டியது, திரும்பிப் போய்விட்டது. சத்தம் கேட்டிருக்குமோ?

மலையோரம்:
சத்தமாகவும் இருக்கலாம். ஆனால் ஐஆர் எரியும்போது லேசான சிவப்புப் பொட்டு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது 850 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம்) வகை, மிளாவுக்கும் தெரியக்கூடும். 940 வகையில் அந்தப் பொட்டு தெரியாது, ஆனால் வெளிச்சம் எட்டும் தூரம் குறையும். உங்கள் 15 அடிக்கு 940 தாராளம். அடுத்து வாங்கும்போது யோசியுங்கள். இப்போதைக்குத் தடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஒதுக்கிக் கட்டிப் பாருங்கள்.

ஏத்தன்வாழை:
சிவப்புப் பொட்டு தெரிகிறது. சரி, ஒதுக்கிக் கட்டுகிறேன். இன்று திறந்தால் பேட்டரிப் பெட்டிக்குள் எறும்பு முட்டையோடு குடியிருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

பால்வெட்டு:
கட்டும் பெல்ட்டில் வேப்பெண்ணெய் தடவுங்கள். லென்சிலும் சென்சாரிலும் படாமல். மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எறும்பு நுழையும் இடுக்கில் மழையும் நுழையும், நம் ஊரில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம்.