வாடகைக்கு இருந்தவர்கள் வீடு விடும்போது: கொழும்பு அனுபவங்கள்

வெள்ளவத்தை மகன்
அம்மாவின் பெயரில் இருக்கும் பிளாட்டில் வாடகைக்கு இருந்த குடும்பம் இந்த மாதக் கடைசியில் போகிறது. நல்ல மனிதர்கள், வாடகை பிந்தியதே இல்லை. அட்வான்ஸை அன்றைக்கே முழுதாகக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார் அம்மா. "எங்கட ஆக்கள்தானே, அவர்களை நிற்க வைத்துக்கொண்டு அறை அறையாகப் பார்ப்பதா?" என்று கேட்கிறார். வீட்டை எடுத்துக் கொடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

தெஹிவளை அண்ணை
தம்பி, நல்ல மனிதர்கள் போகும்போதுதான் கட்டாயம் பார்க்க வேண்டும். வாடகை தராமல் இழுத்தவனிடம் யாரும் முகம் பார்ப்பதில்லை, ஒவ்வொரு சுவிச்சையும் போட்டுப் பார்த்துத்தான் அனுப்புகிறோம். நல்லவர்களிடம் முகத்தாட்சணை வந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தில் நான் கண்ட மனக்கசப்பில் பாதி அங்கேதான் தொடங்கியது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா கீழ் வீட்டை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார். போகும் நாளில் தேத்தண்ணி கொடுத்து, அட்வான்ஸையும் கொடுத்து, லொறி மறையும் வரைக்கும் வாசலில் நின்றார். பின்னேரம் கூட்டப் போனால், சாமித்தட்டு இருந்த சுவரில் விளக்குக் கரி கூரை வரைக்கும் ஏறியிருக்கிறது. குளியலறையில் கொமட்டின் ஃப்ளஷ் நூலால் கட்டியிருக்கிறது. ஃபோன் எடுத்துக் கேட்டார். "நாங்கள் வரும்போதே ஃப்ளஷ் அப்படித்தான் அக்கா" என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம், ஒருவரிடமும் துண்டுக் கடிதம் இல்லையே. இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கோயிலில் கண்டாலும் மற்றப் பக்கம் பார்க்கிறார்கள்.

நான் செய்வது இது. சாமான் எல்லாம் ஏறிய பிறகு, வெளிச்சம் இருக்கும் நேரத்தில், இரண்டு பேருமாக வெறும் வீட்டைச் சுற்றி வருவோம். அல்மாரியும் கட்டிலும் நிற்கும்போது பார்த்துப் பயனில்லை, ஈரம் ஊறிய சுவர் எப்போதும் அல்மாரிக்குப் பின்னால்தான் இருக்கும். எல்லாப் பைப்பையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, குசினி சிங்க்கில் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பேன். எண்ணெய் ஊற்றி அடைத்து வைத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வீடு கொடுத்த நாளில் எடுத்த படங்கள் ஃபோனில் இருக்கும், அதை வைத்துத்தான் பேச்சு. கடைசியில் ஒரு தாளில் திகதி, திரும்பத் தந்த திறப்புகளின் எண்ணிக்கை, மீட்டர் வாசிப்பு, கழித்த காசு எழுதி இருவரும் கையெழுத்து. இதில் யாரும் கோபித்ததில்லை. சொல்லப்போனால் போகிறவர்களுக்கும் அது நிம்மதிதான்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்
திறப்பு எத்தனை வந்தாலும் பூட்டை மாற்றிவிடுங்கள். கொப்பி அடித்த திறப்பு யார் யாரிடம் இருக்கிறது என்று அவர்களுக்கே நினைவிருக்காது.

வாடகைக்கு இருப்பவள்
மற்றப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லட்டுமா? நான் பம்பலப்பிட்டியில் பல வருடம் வாடகைக்கு இருந்தவள். கடைசியாக இருந்த வீட்டை விடும்போது "முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும்" என்று அட்வான்ஸில் பெரும் பங்கைக் கழித்தார்கள். மெரின் டிரைவ் பக்கம் உப்புக் காற்றில் ஜன்னல் கிரில் துருப்பிடிக்கும், ஏசியின் வெளிப்பெட்டி அரித்துப் போகும், வெளிச் சுவர் பெயின்ட் பொரிந்து விழும். அதற்குக் குடியிருந்தவர் என்ன செய்வது? நான் ஆணி அடித்த ஓட்டைக்குக் காசு கேளுங்கள், என் பிள்ளை கிரேயோனால் கீறிய சுவருக்குக் கேளுங்கள், தலைகுனிந்து தருவேன். கடலுக்கும் காலத்துக்கும் என்னிடம் பில் நீட்டாதீர்கள்.

இன்னொன்று, கழிப்பதானால் வேலை செய்யும் பாஸிடம் (மேசன், பெயின்டர்) கணக்கு எழுதி வாங்கிக் காட்டுங்கள். "உத்தேசமாக இவ்வளவு வரும்" என்று வாயால் சொல்லும்போதுதான் சண்டை வருகிறது.

தெஹிவளை அண்ணை
தங்கச்சி சொல்வது நியாயம். நீண்ட காலம் இருந்தவரிடம் பெயின்ட்டுக்குக் கழிப்பது அழகில்லை. விளக்குக் கரி வேறு விஷயம், அது வாங்க வேண்டியதுதான்.

மட்டக்குளி கணக்காளர்
பில்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கரண்ட், தண்ணீர் இரண்டும் பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். போனவர் கட்டாவிட்டால் சிவப்பு நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின் கட்டணம் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு இது சில்லறை விஷயமில்லை, இரண்டு ஏசி ஓடிய வீட்டின் ஒரு மாதப் பில்லே பலரின் மனதை உடைத்தது. அலகு கூடக் கூட விலையும் ஏறுகிறபடியால் "போன மாதம் இவ்வளவுதானே வந்தது" என்று கண்ணால் அளந்து கழிக்க முடியாது.

போகும் நாளில் இரண்டு மீட்டரையும் படம் எடுங்கள். நிலுவை உண்டா என்று மின்சாரத்துக்கு 1987, நீர் வழங்கல் சபைக்கு 1939 என்ற தொலைபேசி எண்களில் கணக்கு இலக்கத்தைச் சொல்லிக் கேட்கலாம். கடைசிப் பில் வரும்வரை அட்வான்ஸில் ஒரு தொகையை வைத்துக்கொள்ளுங்கள், மீதியை அன்றே கொடுங்கள். முழுவதையும் பிடித்து வைத்து மாதக்கணக்கில் அலைக்கழிப்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் சரியில்லை. பிளாட் என்றால் மெயின்டனன்ஸ் காசு, வாகனத் தரிப்பிட அட்டை, லிஃப்டில் சாமான் இறக்க அனுமதி எல்லாவற்றையும் முகாமையிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சில கட்டடங்களில் ஞாயிற்றுக்கிழமை லொறியை உள்ளே விடமாட்டார்கள்.

ஸ்காபரோ அங்கிள்
எனக்கு வேறு விதமான அனுபவம். கொழும்பு 6 இல் வீடு, நான் கனடாவில். லீஸ் ஜூலையில் முடிந்தது. "ஆடி மாதத்தில் வீடு மாறமாட்டோம், ஆவணி பிறந்ததும் போகிறோம்" என்றார்கள். நியாயம்தானே, நானும் ஆடியில் பால் காய்ச்சமாட்டேன். ஆவணி வந்தது, புது வீட்டு வேலை முடியவில்லையாம். பிறகு பிள்ளைக்குச் சோதனை. அப்புறம் மார்கழி. லீஸ் பேப்பர் காலாவதி, வாடகை மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒருவழியாகத் தையில் போனார்கள். அதற்குப் பிறகு நான் எழுதும் எந்த லீஸும் ஆடியிலும் மார்கழியிலும் முடியாது.

ஒரு கட்டத்தில் என் மைத்துனர் "ஆட்கள் ஊருக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டைப் போடுகிறேன்" என்றார். சட்டத்தரணி தடுத்துவிட்டார். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் அவர்கள் நீதிமன்றம் போகலாம், பலவந்தமாக வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் வழக்கு வந்தால் நீதிமன்றம் அவர்களைத் திரும்பவும் வீட்டுக்குள் இருத்தலாம் என்றார். வீடு உங்களுடையதுதானா என்ற கேள்வி அந்த வழக்கில் வராதாம். கரண்டை வெட்டுவது, தண்ணீரை மறிப்பது போன்ற வேலைகளுக்கும் போகாதீர்கள்.

மட்டக்குளி கணக்காளர்
அங்கிள் சொன்னதோடு ஒன்று. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட லீஸ் நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. கடையில் விற்கும் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். லீஸ் முடிந்தும் எழும்பாதவர்களிடமிருந்து வீட்டை மீட்க மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான வழி ஒன்றை 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் தந்திருக்கிறது. உங்கள் லீஸ் அதற்குள் வருமா என்பதைச் சட்டத்தரணியிடம் பேப்பரைக் காட்டிக் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்
போன பிறகு வரும் தலையிடியையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட அனுமதிக்காகத் தங்கள் பெயரை நம் விலாசத்தில் வாக்காளர் இடாப்பில் பதிந்திருப்பார்கள், போகும்போது மாற்றமாட்டார்கள். கிராம சேவகரிடம் சொல்லிவிடுங்கள். யார் குடியிருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்திருந்தால் அங்கும் சொல்லுங்கள், அந்தப் பதிவு விஷயத்தில் கொழும்புத் தமிழருக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் இருந்து போன ஒரு தம்பியைத் தேடி வாகன லீசிங் கம்பனி ஆட்கள் வந்து கராஜைத் திறந்து காட்டச் சொன்னார்கள். வீடு விட்ட திகதியோடு அவர் கையெழுத்து வைத்த கடிதத்தைக் காட்டிய பிறகுதான் போனார்கள். புது விலாசத்தையும் அதே கடிதத்தில் எழுதி வாங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று.

வெள்ளவத்தை மகன்
எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சரி, நீ வந்து பார், நான் தேத்தண்ணி போடுகிறேன்" என்றார். ஒரு சந்தேகம்: எங்கள் கட்டடத்தில் மீட்டர் எல்லாம் கீழே ஒரே இடத்தில் வரிசையாக இருக்கிறது, மேலே எழுதியிருந்த வீட்டு இலக்கங்கள் அழிந்துவிட்டன. எங்களுடையதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மட்டக்குளி கணக்காளர்
பழைய பில் ஒன்றைக் கொண்டுபோய், கடைசி வாசிப்புக்குக் கொஞ்சம் மேலே எந்த மீட்டர் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு வீட்டு மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு அந்த மீட்டர் ஓடாமல் நிற்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். குடியிருப்பவர்களிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜில் மீன் இருக்கும்.