குழாய்க் கிணற்றில் தண்ணீர் குறைகிறதா, பம்ப் தேய்ந்துவிட்டதா? மேலிருந்தே கண்டுபிடிப்பது எப்படி?

லயத்துத்தண்ணி:
வணக்கம். பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டப் பிரிவுக்குத் தண்ணீர் கொடுக்கும் குழாய்க் கிணறு. 6 அங்குலம், ஆழம் 72 மீற்றர். துளைத்தவர்கள் எழுதிக் கொடுத்த தாளில் 31 மீற்றரிலும் 47 மீற்றரிலும் பாறை வெடிப்பில் தண்ணீர் என்று இருக்கிறது. 1.5 குதிரைவலு நீர்மூழ்கிப் பம்ப், சிங்கிள் பேஸ், 60 மீற்றரில் தொங்குகிறது. 5000 லீற்றர் தாங்கி கிணற்று வாயிலிருந்து 28 மீற்றர் மேட்டில். பம்பின் தாளில் ஓட்டம் பூச்சியமாக இருக்கும்போது 96 மீற்றர் உயரம் தள்ளும் என்று போட்டிருக்கிறது.

பூட்டிய காலத்துக் கணக்கு: ஓடாதபோது நீர்மட்டம் 18 மீற்றர், ஓடும்போது 34. நிமிடத்துக்கு 48 லீற்றர், 8.4 அம்பியர், கிணற்று வாயில் அழுத்தக் கேஜ் 3.0 பார்.

இப்போது தாங்கி நிரம்ப 1 மணி 45 நிமிடத்துக்குப் பதிலாக 2 மணி 40 நிமிடம் ஆகிறது. 7.3 அம்பியர், 228 வோல்ட். கேஜ் மட்டும் 2.9 பார், கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே. அதனால் "அழுத்தம் நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். லொறி வர வழியில்லை, முக்காலி கட்டி செயின் புளொக்கில்தான் பம்பைத் தூக்க வேண்டும். அதற்கு முன் கோளாறு கிணற்றிலா பம்பிலா என்று தெரிய வேண்டும். தாங்கியின் மிதவை வால்வில் சிவப்பாக வழுவழுப்பு படிகிறது, அதையும் சொல்லி வைக்கிறேன்.

மேட்டுநீர்:
தம்பி, அந்த 2.9 பார் கிணற்றைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது கிணற்று வாயில் கேஜ் காட்டுவது தாங்கி இருக்கும் மேட்டின் உயரத்தையும் போகும் குழாயின் உராய்வையும்தான். 1 பார் என்றால் 10.2 மீற்றர். 28 மீற்றர் மேடு, அதற்கு மேல் உராய்வு இரண்டு மூன்று மீற்றர், ஆக 3 பார். கிணற்றில் மட்டம் 20 மீற்றர் இறங்கினாலும் அந்த முள் அசையாது. ஓட்டம் குறைந்ததால் உராய்வு கொஞ்சம் குறைந்து 2.9 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அம்பியர்தான் உண்மை பேசுகிறது. இந்த வகைப் பம்பில் தள்ளும் தண்ணீர் குறைந்தால் அம்பியரும் குறையும். பம்பிலிருந்து மேலே வரும் ஏற்று குழாயிலோ தாங்கிக்குப் போகும் குழாயிலோ ஓட்டை இருந்தால் பம்ப் வழக்கத்தைவிட அதிகம் தள்ளும், அம்பியர் இறங்காது. உங்களுக்கு வோல்ட் சரியாக இருந்தும் இறங்கியிருக்கிறது. ஆகவே குழாய் ஓட்டையை ஒதுக்கிவிடலாம். மிச்சம் மூன்று: மட்டம் இறங்கியது, பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்தது, உறிஞ்சும் சல்லடை அடைத்தது.

பிரித்தறிய வால்வை மூடிப் பாருங்கள். கேஜ் வால்வுக்கு முன்னால், கிணற்றுப் பக்கம் இருக்க வேண்டும். 0–10 பார் கேஜ் போதும். ஏற்று குழாய் பி.என். 6 வகை (6 பார் தாங்குவது) என்றால் இதைச் செய்யவே வேண்டாம், பிய்ந்துவிடும். பி.என். 12.5 என்றால் பயமில்லை. இரவு முழுக்க ஓடாமல் இருந்த கிணற்றில், காலையில் பம்பைப் போட்டுக் குழாயில் காற்று போனதும் வால்வை மெதுவாக முழுதாக மூடுங்கள். முள் நின்றதும் குறித்துக்கொண்டு உடனே திறந்துவிடுங்கள். 30 செக்கனுக்கு மேல் மூடி வைத்தால் பம்புக்குள் தண்ணீர் சூடாகும்.

பம்பின் தாளில் உள்ள 96 மீற்றரிலிருந்து, கேஜ் காட்டும் பாரை மீற்றராக்கிக் கழித்தால் நீர்மட்டம். பூட்டிய காலத்தில் 96 − 18 = 78 மீற்றர், அதாவது 7.6 பார் காட்டியிருக்கும். பிறகு ஒரு மணிநேரம் ஓடவிட்டு மறுபடி மூடி, முதல் 10 செக்கனுக்குள் வாசியுங்கள். 6 அங்குலக் கிணற்றில் ஒரு மீற்றருக்குச் சுமார் 18 லீற்றர் தண்ணீர். நிமிடத்துக்கு 30 லீற்றர் ஊறினாலும் 10 செக்கனில் கால் மீற்றர்தான் ஏறும், கணக்கு கெடாது. மாலை 6 மணிக்குப் பின் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எல்லோரும் விளக்கும் கேத்திலும் போடும் நேரம் வேண்டாம், வோல்ட் விழும்.

போர்_பொடியன்:
மேட்டுநீர் ஐயா சொன்னதோடு ஒன்று. வால்வை மூடி வரும் கணக்கு பம்ப் தேயவில்லை என்ற நம்பிக்கையில் நிற்கிறது. தேய்ந்த பம்ப் 96க்குப் பதில் 85 மீற்றர்தான் தள்ளும், அப்போது மட்டம் 11 மீற்றர் இறங்கியது போலத் தோன்றும். ஆகவே ஓடாதபோது மட்டத்தை ஒரு தடவையாவது நேரே அளக்க வேண்டும். கிணற்று மூடியில் கேபிள் இறங்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் பிளக் இருந்தால் கழற்றி, இரட்டை வயரின் மேல் முனையில் பட்டரியும் சின்ன எல்.ஈ.டி. விளக்கும் வைத்து, உரித்த கீழ் நுனிகளை ஒன்றையொன்று தொடாமல் இறக்குங்கள். தண்ணீரைத் தொட்டதும் எரியும். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் பம்ப் நல்ல பம்ப்.

பம்பை நிறுத்தியிருக்கும்போது மட்டும் இறக்குங்கள். ஓடும்போது மேல் வெடிப்பிலிருந்து தண்ணீர் சுவர் வழியே கொட்டும், வயர் நடுவழியிலேயே நனைந்து பொய் சொல்லும். கேபிளில் சிக்கிக்கொள்ளவும் செய்யும்.

லயத்துத்தண்ணி:
ஏற்று குழாய் பி.என். 12.5. காலை மூடியபோது 7.4 பார். வயர் இறக்கியதில் 20.2 மீற்றர். ஒரு மணிநேரம் ஓடிய பின் மூடியபோது 4.2 பார். தாங்கி வாயில் 20 லீற்றர் வாளி 39 செக்கனில் நிரம்பியது.

மேட்டுநீர்:
தெளிவான வாசிப்பு. 7.4 பார் என்றால் 75.5 மீற்றர், 96 − 75.5 = 20.5. வயர் 20.2 சொல்கிறது. பம்ப் தேயவில்லை.

4.2 பார் என்றால் 42.8 மீற்றர், ஓடும்போது மட்டம் 53 மீற்றர். சல்லடை அடைத்திருந்தால் மட்டம் இவ்வளவு இறங்காது, பம்பால் இழுக்க முடியாமல் மேலேயே நின்றிருக்கும். கோளாறு கிணற்றில்தான்.

எவ்வளவு என்று பாருங்கள். அன்று 16 மீற்றர் இறக்கத்துக்கு 48 லீற்றர், மீற்றருக்கு 3. இன்று 33 மீற்றர் இறக்கத்துக்கு 31 லீற்றர், மீற்றருக்கு 1கூட இல்லை. ஓடாதபோது மட்டம் 2 மீற்றர்தான் இறங்கியிருக்கிறது, அது பருவத்தோடு வரும் வித்தியாசம். ஊவா மாகாணத்தில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வரட்சி, வடகீழ்ப் பருவமழைக்குப் பின் மட்டம் ஏறும். ஓகஸ்ட் வாசிப்பை ஓகஸ்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

நிலத்தடி நீரே போனால் கதை வேறு மாதிரி இருக்கும். 2014 கடைசியில் உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தபின் பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றியது போல, ஓடாதபோதே மட்டம் கீழே கிடக்கும். உங்களுடையது அதுவல்ல. தண்ணீர் இருக்கிறது, உள்ளே வரும் வாசல் அடைபட்டிருக்கிறது. சிவப்பு வழுவழுப்பும் அதற்குச் சாட்சி, இரும்புப் பக்டீரியா.

காரணம் தொடக்கத்திலேயே இருக்கிறது. முதல் வெடிப்பு 31 மீற்றர், ஓட்டிய மட்டம் 34. ஒவ்வொரு நாளும் அந்த வெடிப்பு காற்றுக்குத் திறந்து மூடியது. காற்றுப் பட்டால் கரைந்திருந்த இரும்பு துருவாகப் படியும், அதில் பக்டீரியா வளரும். இப்போது 47 மீற்றர் வெடிப்பும் திறந்துவிட்டது. பம்புக்கு மேல் 7 மீற்றர் தண்ணீர்தான் மிச்சம்.

இன்றே வால்வைத் திருகி நிமிடத்துக்கு 20 லீற்றருக்குக் கொண்டுவாருங்கள், நேரத்தைக் கூட்டி ஓட்டுங்கள்.

நுவரெலியா_மோட்டர்:
வெட்டுக் கிணற்றில் தரைமேல் பம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழி உண்டு. உறிஞ்சு பக்கம் வெற்றிட கேஜ் ஒன்று போடுங்கள். வெற்றிடம் கூடி ஓட்டம் குறைந்தால் மட்டம் இறங்குகிறது அல்லது உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வு அடைத்திருக்கிறது. வெற்றிடமும் ஓட்டமும் சேர்ந்து குறைந்தால் பொருத்தில் காற்று இழுக்கிறது அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது. நுவரெலியா உயரம் 1868 மீற்றர், காற்றழுத்தம் சுமார் 0.81 பார். கொழும்பில் 7 மீற்றர் உறிஞ்சும் பம்பை இங்கே ஐந்துக்கு மேல் நம்பக்கூடாது.

லயத்துத்தண்ணி:
நன்றி ஐயா. குளோரின் போட்டால் போதுமா? எவ்வளவு? வரண்டு ஓடாமலிருக்க என்ன போடலாம்?

போர்_பொடியன்:
குளோரின் மட்டும் போதாது. பக்டீரியா சாகும், படிந்த துரு அப்படியே நிற்கும். பம்பைத் தூக்கி, நைலோன் பிரஷ்ஷால் 31, 47 மீற்றர் பக்கம் தேய்த்து, கொம்பிரசரால் அழுக்கை ஊதி வெளியேற்ற வேண்டும். அதன் பின் குளோரின். நீர்த்தூண் 52 மீற்றர், சுமார் 940 லீற்றர். லீற்றருக்கு 500 மில்லிகிராம் வேண்டுமானால் 65 சதவீதக் குளோரின் தூளில் சுமார் 720 கிராம். பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு நாள் விடுங்கள். பிறகு மணம் போகும்வரை வெளியே இறையுங்கள். தாங்கிக்கோ ஓடைக்கோ நாற்று மேடைக்கோ போகக்கூடாது, அன்று லயங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள், வரும் வாயு ஆளைக் கொல்லும்.

வரண்ட ஓட்டத்துக்கு அண்டர்லோட் ரிலே, அதாவது சுமை குறைந்தால் பம்பை நிறுத்தும் ரிலே. சிங்கிள் பேஸில் அம்பியரைப் பார்க்கும் ரிலேயைவிட வாற்றைப் பார்ப்பது நம்பகம், வரண்டாலும் அம்பியர் முழுதாக விழாது. மீண்டும் ஓட 45 நிமிடம் இடைவெளி வையுங்கள்.

தூக்கிய பம்பை அப்படியே இறக்கிவிடாதீர்கள். உங்கள் இரண்டு வெடிப்பும் பம்புக்கு மேலே, தண்ணீர் மேலிருந்தே உள்ளே போகிறது, கீழே உள்ள மோட்டரைத் தொடுவதில்லை. ஓட்டத்தை 20க்குக் குறைத்தபின் அது இன்னும் சுடும். மோட்டரை மூடி ஒரு குளிர்விப்புக் கவசம் போட்டால் தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போகும்.

ஏற்று குழாயோடு சேர்த்து 6 மில்லிமீற்றர் நைலோன் குழாய் ஒன்றையும் கட்டி இறக்குங்கள். நுனி பம்பின் வாய்க்கு 1 மீற்றர் மேலே நிற்கட்டும், அதாவது 59 மீற்றர். மேலே ஒரு டீ (மூவழிப் பொருத்து), ஒரு பக்கம் கேஜ், மறுபக்கம் சைக்கிள் டியூப் வால்வு. கைப்பம்பால் காற்றடித்தால் முள் ஏறி ஓரிடத்தில் நிற்கும், அதற்கு மேல் எவ்வளவு அடித்தாலும் ஏறாது. ஒரு பி.எஸ்.ஐ. 0.70 மீற்றர் என்று பெருக்கி 59இலிருந்து கழியுங்கள். 40 பி.எஸ்.ஐ. என்றால் மட்டம் 31 மீற்றர், முதல் வெடிப்பு இருக்கும் இடம். ஓடிக்கொண்டிருக்கும்போது முள் 40க்குக் கீழே போனால் வால்வை இன்னும் ஒரு சுற்று மூடுங்கள். அடிப்பதை நிறுத்தியதும் முள் தானாக இறங்கிக்கொண்டே இருந்தால் குழாயில் கசிவு, அந்த வாசிப்பை எழுத வேண்டாம்.