மினி டிராக்டருக்கு முன் லோடர்: அடித்தவர்கள், ஓட்டியவர்கள், பார்த்தவர்கள் எழுதுங்கள்

கொழிஞ்சாம்பாறை, தென்னந்தோப்பு

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தோப்பு வைத்திருக்கிற எல்லோருக்கும் இருக்கிற தொல்லைதான். மாட்டுச்சாளைக்குப் பக்கத்தில் எரு மலையாகக் கிடக்கிறது, மரத்தடிக்கு அள்ளிப் போட ஆள் இல்லை. ஜேசிபியை உள்ளே விட்டால் 25 அடி இடைவெளியில் அது திரும்புவதற்குள் சொட்டுநீர்க் குழாய் நசுங்கிப் போகும், மணி வாடகை வேறு. மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் ஓட்டுவதற்காக வாங்கிய 15 எச்பி மினி டிராக்டரோ வருஷத்தில் பாதி நாள் சும்மா நிற்கிறது. அதற்கு முன்னால் ஒரு லோடரை, அதாவது பக்கெட் வைத்துத் தூக்குகிற இரண்டு கையை, வெல்ட் அடித்துச் செய்யலாம் என்று நானும் ஊர்ப் பட்டறைக்காரரும் இறங்கினோம். இரும்பில் பாதி கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியது.

வந்து பார்க்கிறவர்கள் எல்லாம் "எத்தனை கிலோ தூக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தூக்குவது ஒரு பெரிய விஷயமே இல்லைங்க. 50 மி.மீ. போர் (உள்விட்டம்) உள்ள ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்று 150 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 3 டன் தள்ளும். லோடர் கையில் அதை அடிப்பக்கமாக மாட்டுவதால் பக்கெட் முனைக்கு வரும்போது நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் மிஞ்சும். அப்படிக் குறைந்தும் இரண்டு ஜாக்கி சேர்ந்தால் ஒரு டன்னுக்கு மேல். டிராக்டரின் எடையே அவ்வளவு வராது. ஆகவே பெரிய சுமையைக் குத்தித் தூக்கினால் மேலே எழும்புவது சுமையாக இருக்காது, உங்கள் பின் சக்கரமாக இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர். முன் அச்சைத் தாண்டி ஒரு மீட்டர் தள்ளி பக்கெட்டில் 150 கிலோ எரு. இப்போது பின் சக்கரத்தில் 100 கிலோ குறைந்துவிடும், முன் அச்சில் 250 கிலோ ஏறும். லோடர் இரும்பின் சொந்த எடையை இதில் இன்னும் சேர்க்கவில்லை. மினி வண்டியின் முன் ஆக்சிலும் சக்கரம் திரும்புகிற கிங்பின் புஷ்ஷும் அதற்காகச் செய்தவை இல்லை. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியாக இருந்தால் தோள்பட்டை சொல்லும். இதைவிட மோசம், இந்த வண்டிகளில் பிரேக் பின் சக்கரத்தில்தான் இருக்கிறது. அங்கே எடை போய்விட்டால் மிதித்துப் பிரயோஜனம் இல்லை.

அதற்குத்தான் பின்னால் எதிர்எடை. டிராக்டருக்குப் பின்னால் கருவி மாட்டுகிற த்ரீ பாயின்ட்டில், பின் அச்சுக்கு 90 செ.மீ. பின்னால், 150 கிலோ கான்கிரீட் கட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் முன் அச்சிலிருந்து 90 கிலோ இறங்கும். ரொட்டவேட்டரைக் கழற்றாமல் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டினாலும் சரி. முன் பம்பரில் கம்பெனி மாட்டிக் கொடுத்த எடைத்தட்டு இருந்தால் அதை முதலில் கழற்றுங்கள்.

அடுத்தது லோடரைத் தாங்கும் இரும்புச் சட்டகம். டிராக்டருக்கு லாரி மாதிரி தனிச் சேஸிஸ் கிடையாது. என்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் மூன்றும் போல்ட்டில் கோத்து அதுவே முதுகெலும்பாக நிற்கிறது. எல்லாம் வார்ப்பிரும்பு. லோடர் தூணை என்ஜின் பக்கத்துத் துளைகளில் மட்டும் முடுக்கிவிட்டு எருக்குவியலில் போய் முட்டினால், அந்த அடி முழுவதும் கிளட்ச் ஹவுசிங் இணைப்பில் போய் நிற்கும். விரிசல் விட்டால் வண்டியை இரண்டாகப் பிரிக்காமல் சரிசெய்ய முடியாது. நாங்கள் இரண்டு பக்கமும் பாக்ஸ் பைப்பை முன் பிராக்கெட்டிலிருந்து பின் ஆக்சில் ஹவுசிங் வரை இழுத்துக் கட்டினோம். இரும்பு கூடுதல், காசு கூடுதல், ஆனால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

லோடர் கை ஆடுகிற இடத்தில் ஆணி நுழைவதற்கான புஷ் வைக்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு கையையும் தனித்தனியாக அடித்துவிட்டுப் பிறகு பொருத்தினால் ஆணி ஏறாது, வெல்டிங் சூடு இரும்பை இழுத்துவிடும். பட்டறைக்காரர் லேத்தில் நேராக்கிய நீள ஷாஃப்ட் ஒன்றை எடுத்து, இரண்டு கையின் புஷ்ஷிலும் ஒரே நேரத்தில் நுழைத்து, முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் வெல்ட் (டேக்) வைத்தார். அப்புறம் ஒரு பக்கம் ஒரு அங்குலம், மறுபக்கம் ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றி வெல்ட் ஓட்டினார். நடுநடுவே ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்ப்பார். இறுகினால் வேலை நிற்கும், ஆறும்வரை டீ. கடைசியில் அந்த ஷாஃப்ட் இரண்டு விரலால் சுற்றியது. கைகளுக்குக் குறுக்கே கனமான குழாய் ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் பக்கெட்டின் ஒரு மூலை வேரில் மாட்டும்போது இரண்டு கையும் ஆளுக்கொரு திசையில் முறுக்கும்.

எங்கள் பக்கம் கரிசல். ஈரத்தில் பக்கெட்டில் ஒட்டினால் கவிழ்த்தாலும் விழாது. அடிமூலையை மடிப்பாக வைக்காமல் வளைவாகத் தகட்டை உருட்டி வாங்குங்கள்.

குப்பம்

அண்ணா, என்னிடம் இருப்பது ஏழை லோடர். இரண்டு கையைத் தூக்க மட்டும் ஜாக்கி, டிரெய்லர் டிப்பருக்கு வைத்திருக்கிற ஆயில் வழியிலிருந்தே எடுத்தது. பக்கெட்டைக் கவிழ்க்க ஜாக்கி கிடையாது. கொக்கி ஒன்று பிடித்திருக்கும், சீட்டிலிருந்து கயிற்றை இழுத்தால் கொக்கி விடுபட்டு பக்கெட் தன் எடையிலேயே கவிழும். தரையில் இறக்கிப் பின்னால் வந்தால் தானாக மாட்டிக்கொள்ளும். பழைய காலத்து முறைதான். சாணி அள்ள அது போதும். மண் தோண்ட நினைக்காதீர்கள், மூக்கைக் கீழே அழுத்த அதற்கு வலு இல்லை.

நான் எழுத வந்தது வேறு. எங்கள் பூமி மேடும் பாறையுமாக இருக்கும். பக்கத்து மாந்தோப்பில் ஒருவர் இதே மாதிரி லோடரில் செம்மண்ணை நிரப்பி, பக்கெட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டே சரிவில் குறுக்காகத் திரும்பினார். வேகமும் இல்லை. மேல் பக்கத்துப் பின் டயர் மெதுவாக எழும்பியதை நான் பார்த்துக்கொண்டு இருந்தேன், கத்துவதற்குள் வண்டி சாய்ந்துவிட்டது. நல்லவேளை, கீழே வரப்பு இருந்தது, அதில் தாங்கி நின்றது. மனிதர் குதித்துத் தப்பித்தார்.

முன் டயர் இரண்டும் அகலமாக நிற்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. முன் அச்சு நடுவில் ஒரே ஆணியில் ஆடுகிறது. வண்டி உண்மையில் நிற்பது இரண்டு பின் சக்கரமும் அந்த நடு ஆணியும் சேர்ந்த முக்கோணத்தில். லோடரில் சுமை ஏற ஏற எடை முக்கோணத்தின் ஒடுங்கிய முனைக்கு நகர்கிறது, பக்கெட்டை உயர்த்தினால் மேலேயும் போகிறது. சுமையோடு போகும்போது பக்கெட் முழங்காலுக்கு மேல் வரவே கூடாது. சரிவில் நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள், இறங்கும்போது பின்னோக்கி.

புளியரை

அண்ணாச்சி, ஒரு மாற்றுக் கருத்து. எனக்கு இருப்பது வயலும் கொஞ்சம் வாழையும். முன் லோடர் செலவைக் கேட்டதும் அந்த யோசனையை விட்டுவிட்டு த்ரீ பாயின்ட்டில் பின்னால் மாட்டுகிற தகரப் பெட்டி ஒன்று அடித்தேன். பின்னால் வந்து குவியலில் குத்தி, தூக்கி, போகிற இடத்தில் லிவரை இழுத்துக் கவிழ்ப்பது. பம்பு வேண்டாம், ஹோஸ் வேண்டாம், முன் அச்சுக்கு எடையும் ஏறாது. கழுத்து வலிக்கும், டிரெய்லர் உயரத்துக்குத் தூக்க முடியாது. தரையில் இருந்து தரைக்கு மாற்றுகிற வேலை என்றால் முக்கால்வாசிப் பேருக்கு இதுவே தாராளம் என்பேன். ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு முன் லோடர் கேட்பது ஆசைதான்.

கொழிஞ்சாம்பாறை

அதுவும் நியாயம்தான். எனக்கு டிரெய்லரில் ஏற்ற வேண்டியிருந்தது, அதனால் முன் லோடருக்குப் போனேன்.

எவ்வளவு பெரிய ஆயில் பம்பு வேண்டும் என்று தனியாகக் கேட்டவருக்கு: ஒரு சுற்றுக்கு 8 சிசி தள்ளுகிற கியர் பம்பு, நிமிஷத்துக்கு 1500 சுற்றில் 12 லிட்டர் தரும். 50 மி.மீ. போர், 300 மி.மீ. ஓட்டம் உள்ள இரண்டு ஜாக்கிக்கு 1.2 லிட்டர் வேண்டும். ஆறு விநாடியில் கை மேலே போய்விடும், அதற்கு மேல் வேகம் தேவையில்லை. வால்வில் அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடுகிற ரிலீஃப் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் ஒன்றேதான். ஜாக்கி நீளும்போது ஆயில் கியர்பாக்ஸிலிருந்து போகிறது என்பதை மறந்துவிட்டு அளவு பார்க்கிறார்கள். ஜாக்கியும் ஹோஸும் நிறைந்தபின் ஊற்ற வேண்டியதை ஊற்றிவிட்டு, கையை இறக்கி வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. கை மேலே போகப் போக பக்கெட் தானாகப் பின்னால் மல்லாந்துகொண்டு வரும். கவிழ்க்கிற லிவரை அவ்வப்போது தட்டிச் சமன் செய்யவில்லை என்றால் எரு பானெட்டில் விழும், அப்புறம் உங்கள் மடியில். எருவாக இருந்தால் குளித்தால் போகும். கல்லாகவோ மரத்துண்டாகவோ இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கோபாலபுரம், வெல்டிங் பட்டறை

தொழில்காரனாக நாலு வார்த்தை. வண்டியில் வைத்து வெல்ட் அடிக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், எர்த் கிளிப்பை வெல்ட் அடிக்கிற இரும்பிலேயே பக்கத்தில் போடுங்கள். தூரத்தில் போட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைப் பொத்துவிடும். 7018 வெல்டிங் ராடு பாக்கெட் மழைக்காலத்தில் திறந்து கிடந்திருந்தால் ஈரம் ஏறியிருக்கும், லோடர் கைக்கு அது வேண்டாம்.

பக்கெட் விளிம்புக்கு லாரி ஸ்பிரிங் பட்டை போடச் சொல்லி எல்லோரும் கொண்டுவருகிறார்கள். தேயாது, உண்மை. ஆனால் அது கார்பன் அதிகமான இரும்பு. குளிர்ந்தபடியே அடித்தால் வெல்ட்டுக்கு ஓரமாக மயிரிழை விரிசல் விழும், முதல் வேரில் பிய்ந்து வரும். நன்றாகச் சூடேற்றி அடித்து, மணலில் மூடி மெல்ல ஆறவிட வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் 12 மி.மீ. சாதாரண பிளேட் போட்டு, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஹோஸில் ஆயில் கசிவு எங்கே என்று விரலை வைத்துத் தடவுகிற பழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. ஊசித் துளையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

மீனாட்சிபுரம்

இதை மாட்டிக்கொண்டு ரோட்டில் போகலாமா? எனக்குத் தோப்பு கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி.

கொழிஞ்சாம்பாறை

ஆர்சி புத்தகத்தில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. அதனால்தான் எங்கள் லோடரை நாலு ஆணியும் இரண்டு ஹோஸ் கப்ளரும் கழற்றினால் தனியாக இறங்கி நிற்கிற மாதிரி செய்தோம். ரோட்டுக்குப் போகிற அன்று அதை ஷெட்டில் விட்டுவிட்டுத்தான் போகிறேன். நீங்கள் இரண்டு பக்கமும் ஓட்ட வேண்டுமென்றால் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள், அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்ளலாம். கழற்றுவதற்கு முன் பக்கெட்டைத் தரையில் வைத்து, என்ஜினை நிறுத்தி, லிவரை இரண்டு பக்கமும் அசைத்து அழுத்தத்தை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது கப்ளர் உட்காராது.