அரையாண்டு லீவில் ஸ்பெஷல் கிளாஸ்: அனுப்பவா, வேண்டாமா?

மல்லிகைப்பந்தல்:
மகள் பத்தாவது, தனியார் பள்ளி. 23ஆம் தேதி சமூக அறிவியலோடு அரையாண்டு முடிந்தது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி. 26ஆம் தேதியிலிருந்து ஐந்து நாள் ஸ்பெஷல் கிளாஸ், 9 மணி முதல் 1 மணி வரை, யூனிஃபார்ம் கட்டாயம். லீவில் வகுப்பு வைக்கக்கூடாது என்று கல்வித்துறையும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது, பள்ளிகளும் வைத்துக்கொண்டேதான் இருக்கின்றன. பாட்டி வீட்டுக்குப் போக ஒரு மாதமாக நாள் எண்ணியவள், செய்தியைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல், பையில் வைத்த துணிகளை எடுத்து மறுபடி பீரோவில் அடுக்கினாள். அனுப்ப மனசே இல்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

சாக்பீஸ்தூள்:
நான் கணக்கு வாத்தியார், அரசு உதவிபெறும் பள்ளி. கோபப்படாமல் கேளுங்கள் மேடம். உங்கள் மகள் படிக்கிற பிள்ளையாக இருந்தால் இந்த ஐந்து நாள் அவளுக்குத் தேவையே இல்லை. என் வகுப்பில் ஆறு பையன்கள் இருக்கிறார்கள். பாஸாக 35 வேண்டும். வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 என்று 16 மார்க் அங்கேயே கிடக்கிறது. வடிவொத்த முக்கோணத்தையும் வட்டத்துக்குத் தொடுகோட்டையும் தினமும் நாலு தடவை போட்டால் போதும், கை பழகிவிடும். இப்போது அவர்களுக்குக் காம்பஸில் பென்சிலை இறுக்கி மாட்டவே வரவில்லை. வட்டம் முடிகிற இடம் தொடங்கிய இடத்தில் வந்து சேர்வதில்லை. பொங்கல் தாண்டினால் ரிவிஷன் டெஸ்ட், செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. வேறு எப்போது சொல்லிக்கொடுக்க?

ஒருவழிப்பாதை:
சரி சார், அந்த ஆறு பேரை மட்டும் கூப்பிடுங்களேன். மொத்த வகுப்பும் ஏன் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வரவேண்டும்? மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017லேயே நிறுத்தியது. ரேங்க் போய்விட்டது, பள்ளி வாசலில் 490க்கு மேல் எடுத்தவர்களின் ஃபிளெக்ஸ் மட்டும் போகவில்லை. தனியார் பள்ளிக்கு லீவு கிளாஸ் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

சாக்பீஸ்தூள்:
ஒரு வருடம் அப்படித்தான் கூப்பிட்டேன். முதல் நாளே ‘மக்கு கிளாஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மறுநாள் ஒருத்தனும் வரவில்லை. சுற்றறிக்கையில் ‘மெல்லக் கற்போர்’ என்று அழகாக எழுதலாம், பையன் காதில் விழுவது வேறு சொல்.

வீட்டுக்கணக்கு:
நான் அனுப்புகிறேன், யோசிக்கவே மாட்டேன். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். லீவு விட்டால் பையன் 11 மணிக்கு எழுந்து, கட்டிலிலேயே படுத்து ஃபோன் பார்க்கிறான். ‘பிள்ளைகளை விளையாட விடுங்கள்’ என்பவர்கள் முதலில் தெருவில் விளையாட இடம் காட்டட்டும்.

மல்லிகைப்பந்தல்:
அண்ணா, ஃபோனைப் பிடுங்க முடியாததற்குப் பள்ளிக்கூடத்தைக் காவல் வைக்கிறீர்கள். அது உங்கள் வீட்டுப் பிரச்சினை, என் மகள் ஏன் யூனிஃபார்ம் போடவேண்டும்?

கடைசிபஸ்:
டவுன்காரர்கள் பேசுவதில் ஒன்று விட்டுப்போகிறது. எங்கள் ஊரிலிருந்து பள்ளி 14 கிலோமீட்டர். லீவு நாளில் பையன் இலவச பஸ் பாஸை நீட்டினால் கண்டக்டர் ஏற இறங்கப் பார்க்கிறார், காசு கொடுத்துத்தான் டிக்கெட். மகள் பரவாயில்லை, 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அப்புறம் சாப்பாடு. பள்ளி வேலை நாளில் சத்துணவு உண்டு. லீவில் அடுப்பே பற்றவைப்பதில்லை. 1 மணிக்கு வகுப்பு முடிந்து, ஒன்றே முக்கால் பஸ்ஸைப் பிடித்து, வீட்டுக்கு வந்து சாப்பிட மூன்றாகிவிடும். வகுப்பு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு சாம்பார் சாதமாவது போட்டுவிட்டு வையுங்கள்.

சாக்பீஸ்தூள்:
இது நியாயம். பதில் இல்லை என்னிடம்.

பின்பெஞ்ச்10பி:
நான் பத்தாவதுதான் படிக்கிறேன். எல்லோரும் பெரியவர்களாகவே பேசுகிறீர்கள், அதனால் உள்ளே வந்தேன். போன வருடம் எங்கள் பள்ளியில் ஒன்பதாவதுக்கும் லீவு கிளாஸ் நடந்தது. சார் வந்ததும் போர்டில் பத்து கேள்வி எழுதிப் போடுவார். நாங்கள் எழுதுவோம். அவர் மேஜையில் அரையாண்டு பேப்பர் கட்டைப் பிரித்துத் திருத்த உட்கார்ந்துவிடுவார். 1 மணிக்கு மணி அடிக்கும், கட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். எங்கள் பத்து பதிலை யாரும் பார்க்கவே இல்லை.

ஒருவழிப்பாதை:
தம்பி, போட்டு உடைத்துவிட்டாய்!

சாக்பீஸ்தூள்:
திருத்துவது உண்மைதான் தம்பி, மறைக்க என்ன இருக்கிறது. பள்ளி திறந்த அன்றே ஹெச்.எம். மார்க் கேட்பார். எனக்கும்தான் லீவு இல்லை. ஆனால் வடிவியல் போடும்போது நான் நாற்காலியில் உட்கார்வதில்லை, அதை மட்டும் நம்பு.

மல்லிகைப்பந்தல்:
இதையெல்லாம் மகளிடம் படித்துக் காட்டினேன். “கணக்கு இருக்கிற நாள் மட்டும் போகிறேன், மற்ற நாள் பாட்டி வீடு” என்றாள். எந்த நாள் கணக்கு என்று குழுவில் கேட்டு மூன்று மணி நேரமாகிறது. நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள், பதில் வரவில்லை.