போராட்டத்துக்குப் போனேன், தூக்கம் போச்சு: உங்களுக்கும் நடந்ததா?

நானே தொடங்குகிறேன். 19 வயதில் ஓர் ஏரியைக் காப்பாற்றும் குழுவில் சேர்ந்தேன். அதுவரை நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காதவன். முதல் நாள் கிடைத்த வேலை பதாகை எழுதுவது. சிவப்புப் பெயின்ட் ஒரு வாரம் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. தேய்த்துக் கழுவவும் மனசு வரவில்லை. செய்தி பார்த்துப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்தத் தூரிகையே மருந்தாக இருந்தது. புழுக்கம் எனக்கு மட்டுமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 2021-இல் லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் வந்த ஆய்வில், 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரைக் கேட்டிருக்கிறார்கள். பருவநிலை மாற்றம் பற்றிய கவலை அன்றாட வாழ்க்கையையே பாதிக்கிறது என்று 45 சதவீதத்துக்கும் மேல் சொல்லியிருந்தார்கள்.

சரி, மருந்து எப்போது கசந்தது? குழுவின் முகநூல் பக்கத்தை என் கையில் கொடுத்தபோது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ வசைபாடுவார். நான் ஆதாரத்தோடு பதில் எழுதிக்கொண்டிருப்பேன். அம்மா காய்ச்சலில் படுத்திருந்த நாளில் கழிப்பறைக்குள் உட்கார்ந்து அறிக்கை திருத்தினேன். ஒருநாள் கூட்டத்தில் ஒரு தேதி கேட்டார்கள், ஞாபகம் வரவில்லை. அவ்வளவுதான், அழுதுவிட்டேன். குழுவில் மூத்த அக்கா ஒருவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. என் போனை வாங்கி, பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றி, "ரெண்டு வாரம் கழிச்சு வாங்கிக்கோ" என்றார். பயங்கரக் கோபம். மூன்றாம் நாள் பதினொரு மணி நேரம் தூங்கினேன்.

* * *

அந்த அக்கா மாதிரி எல்லாக் குழுவிலும் ஆள் இருப்பதில்லை. எங்கள் குழுவில் நாற்பது பேர் வேலையை நான்கு பேர் செய்தோம். களைத்தவளிடம் "ரெஸ்ட் எடும்மா" என்பார்கள். அவள் வேலையை யார் எடுப்பது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974-இல் 'பர்ன் அவுட்' (வேலை செய்து செய்தே ஓய்ந்துபோவது) பற்றி எழுதியதே இலவச மருத்துவமனைத் தொண்டர்களைப் பார்த்துத்தான். அவரும் அங்கே வேலை செய்து ஓய்ந்துபோனவர். ஈடுபாட்டோடு வருகிறவர்கள்தான் சுலபமாக இதில் மாட்டுகிறார்கள் என்கிறார்.

ஆனால் என்னை வெளியே அனுப்பியது களைப்பு இல்லை. எதிர்த்தரப்பு திட்டினால் வீம்புதான் வந்தது. ஒரே குடையில் நனைந்துகொண்டு நின்ற தோழி "நீ போட்டோவுக்குத்தானே வர்றே" என்றாள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

* * *

நான் விலகிப் போய்த் திரும்பி வந்தவன். அமெரிக்க இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வைப் படித்தேன். வாக்களித்தவர்கள், தொண்டு செய்தவர்களின் மனநலம் பின்னாளில் நன்றாக இருந்ததாம். போராட்டக்காரர்களுக்கு அப்படித் தெளிவாகச் சொல்ல முடியவில்லையாம். ஆச்சரியமில்லை. தொண்டு செய்தால் நன்றி சொல்வார்கள். போராடினால் வழக்குப் போடுவார்கள்.

திரும்பி வந்தபோது கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கினேன். அறுபது நாற்காலி, அடுக்கினால் முடிந்தது. எங்கள் கோரிக்கைகளில் எதுவும் அப்படி முடிந்ததில்லை. போன வாரம் புதிதாக வந்த பையன் ஒருவன் கூடவே அடுக்கினான். கண்ணுக்குக் கீழே கருவளையம். "ராத்திரி தூங்குறியா தம்பி?" என்று கேட்டேன். சிரித்தான். பதில் சொல்லவில்லை.